ஏரி மண்ணும் எருக்கம்பூவும்

அத்தியாயம் 4

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்குப் பேர்போனவை. அந்தத் தேர்தலுக்குத் தேவைப்பட்ட தளவாடம் இரண்டுதான்: நறுக்கிய பனையோலை, ஒரு குடம். அப்படித் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். வைரமேக தடாகம் என்ற பழைய பெயருடைய ஊர் ஏரியைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஓலையும் மண்ணும் இன்றைக்கும் இந்த வட்டாரத்தில் காசு கொடுக்காமல் கிடைக்கின்றன. ஆனாலும் ‘இயற்கைக் கலை’ செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஓடுவது கைவினைப் பொருள் கடைக்கு. அங்கே பொட்டலம் கட்டிய களிமண், சாயம் ஏற்றிய காய்ந்த பூ, வார்னிஷ் எல்லாம் கிடைக்கும். இந்த அத்தியாயத்துக்கு அவை எதுவும் வேண்டாம்.

முக்கிய வேலை, சுடாத ஏரி மண்ணில் ஒரு சாண் பிள்ளையார். அதோடு சேர்த்துக் கைக்கு அடக்கமான இரண்டு சிறு வேலைகள்: ஓலைக் குடை, தரையில் கிடக்கும் மண் உருவம்.

வாளிச் சோதனை

இங்கே விதி ஒன்றே ஒன்றுதான். செய்து முடித்த பொருள் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு இரவுக்குள் கரைய வேண்டும்; கரையாதது குப்பைக்குழியில் மக்க வேண்டும். வாளியில் எஞ்சும் கலங்கல் தண்ணீரைத் துளசிச் செடிக்கு ஊற்ற உங்களுக்குத் தயக்கம் வரக்கூடாது. தயக்கம் வந்தால், செய்முறையில் எங்கோ வேண்டாதது சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த விதிப்படி பார்த்தால் சில பொருள்கள் தானாகவே கழிந்துவிடும்.

- பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரையாது, அடியில் கட்டியாகப் படியும். இதில் சிலை செய்யக்கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் திருத்திய வழிகாட்டு நெறிகளில் சொல்லிவிட்டது.
- ஃபெவிகால், வார்னிஷ், அக்ரிலிக் வண்ணம் மூன்றும் பிளாஸ்டிக் குடும்பம். மண் பொம்மைக்கு மேலே ஒரு கோட் அடித்தாலே போதும், மண் கரையாமல் நின்றுவிடும்.
- சூளையில் சுட்ட மண். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் களிமண்ணின் தன்மையே மாறிவிடுகிறது. அதன்பின் எத்தனை நாள் ஊறினாலும் குழையாது. சுட்ட பொம்மை நல்ல பொருள்தான், கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் கரைப்பதற்கென்று செய்வதைச் சுடாதீர்கள்.

எப்போது, எங்கே எடுப்பது

பிள்ளையார் சதுர்த்தி ஆவணியில் வருகிறது. அப்போது போய் மண் தேடினால் ஏரியில் சேறுதான் கிடைக்கும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றி, உள்வாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போதே எடுத்து உலர்த்தி மூட்டை கட்டிவையுங்கள். காய்ந்த களிமண் கெடாது.

1. முதலில் கேளுங்கள். ஏரியிலிருந்து வண்டல், களிமண் எடுப்பது தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளுக்கு (1959) உட்பட்டது. ஒரு கூடைக்காக யாரும் வழக்குப் போடப்போவதில்லை. இருந்தாலும் கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சியிலோ ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை, பாதுகாப்பும்கூட. பள்ளிக்கூடத்துக்காக வண்டியில் ஏற்றுகிறீர்கள் என்றால் முறைப்படி அனுமதி வாங்கியாக வேண்டும். பக்கத்தில் குயவர் வீடு இருந்தால் அவரிடமே விலைக்கு வாங்குங்கள். அவர் மண் ஏற்கெனவே பார்த்துத் தேர்ந்ததாக இருக்கும்.
2. கரையிலும், மதகுக்கும் கலங்கலுக்கும் பக்கத்திலும் ஒரு கைப்பிடிகூடத் தோண்டாதீர்கள். கோடையில் நீங்கள் விட்டுப்போன பள்ளத்தில்தான் ஐப்பசி மழையின்போது கரை அரிக்கத் தொடங்கும்.
3. மேலே காய்ந்து சுருண்டிருக்கும் தோலை ஒதுக்குங்கள். அதில் வேரும் நத்தை ஓடும் உடைந்த கண்ணாடியும் இருக்கும். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே, கையில் எடுத்தால் கனமாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும் மண்தான் நமக்கு வேண்டும்.
4. ஒரு பிள்ளையாருக்கு அரைக்கூடை மண் தாராளம். எடுத்த குழியை மூடிவிட்டு வாருங்கள்.

சிவப்பு வண்ணத்துக்கு உதவும் நல்ல செம்மண் கைவிட்ட கல் குவாரிகளின் ஓரம் தெரியும். அங்கே இறங்காதீர்கள், பிள்ளைகளை அனுப்பவும் அனுப்பாதீர்கள். குழியின் ஓரம் சரியும். தேங்கிய தண்ணீரின் ஆழம் மேலிருந்து தெரியாது. செம்மண் சாலையோர மேட்டிலேயே கிடைக்கும்.

வேடந்தாங்கல் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே இறகு பொறுக்கலாமே என்று தோன்றலாம். அந்தச் சரணாலயம் இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. எந்த மாவட்டத்தில் இருந்தாலும் சரணாலயத்திலிருந்து எதையும் எடுத்துவரக்கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முட்டையையும் கூட்டையும் சேர்த்தே காக்கிறது. வயலில் கிடக்கும் காலிக்கூட்டைக்கூட விட்டுவிடுங்கள்.

கை வைக்கும் முன்: விஷம், முள், பாம்பு

இயற்கையில் கிடைப்பதெல்லாம் பாதுகாப்பானது என்பது நகரத்து நினைப்பு. இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் இரண்டு முறை.

குண்டுமணி. மண் பிள்ளையாருக்குக் கண் என்றால் நம் பக்கத்தில் குண்டுமணிதான். சிவப்பும் கறுப்புமாகப் பதித்த உடனே முகத்துக்கு உயிர் வந்துவிடுகிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த விதைக்குள் இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. முழுசாக விழுங்கினால் கெட்டியான தோல் காப்பாற்றிவிடலாம். மென்றால், அல்லது ஓட்டை போட்ட விதையை விழுங்கினால், ஒன்றே உயிருக்கு ஆபத்து. வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் மிளகையோ கறுப்பு உளுந்தையோ கண்ணாக வையுங்கள். குண்டுமணிதான் வேண்டும் என்றால்:

- பெரியவர்கள் மட்டும் பதிக்க வேண்டும்.
- ஊசியால் குத்தவோ, துளையிடவோ, உடைக்கவோ கூடாது. அந்தத் தூளும் நஞ்சுதான்.
- எத்தனை எடுத்தீர்கள் என்று எண்ணி வையுங்கள். கரைக்கும் முன் கண்ணைப் பிடுங்கி எடுத்து, அதே எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள்.
- யாராவது மென்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். மீதி விதையைக் கையில் எடுத்துக்கொண்டு 108ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறிகுறி தெரியப் பல மணி நேரம் ஆகலாம், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

எருக்கு. மாலைக்குப் பூவை மட்டும் கிள்ளுங்கள், கிளையை ஒடிக்காதீர்கள். பால் கண்ணில் தெறித்தால் பார்வையையே பாதிக்கும். செடியை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு பறிக்காமல், இடுப்பு உயரத்துக்குத் தாழ்த்திப் பறியுங்கள். பறித்த கையால் கண்ணைக் கசக்காதீர்கள். பட்டுவிட்டால் நல்ல தண்ணீரில் கால் மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டு, கண் மருத்துவரிடம் போங்கள். திருகுகள்ளிப் பாலுக்கும் இதே எச்சரிக்கைதான்.

அரளி, ஊமத்தை, ஆமணக்கு, காட்டாமணக்கு. விதையின் வடிவம் கண்ணைப் பறிக்கும். நான்கையும் விட்டுவிடுங்கள். பூனைக்காலிக் காயின் சுணை உடம்பெல்லாம் அரிப்பெடுக்கவைக்கும். பார்த்தீனியம் தொட்டால் சிலருக்குத் தோல் தடித்துப்போகும்.

பயமில்லாமல் பொறுக்கக்கூடியவையும் நிறைய இருக்கின்றன: புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை, கருவேலங்காய், பனங்கொட்டை, கொட்டாங்குச்சி, தென்னம்பாளை, அரச இலை, ஆலம்விழுது, நெல் உமி, வைக்கோல்.

சருகுக் குவியலை எப்போதும் நீளமான குச்சியால் கிளறிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். கண்ணாடிவிரியன் சருகின் நிறத்திலேயே படுத்துக்கிடக்கும். ரப்பர் செருப்பைச் சீமைக்கருவேல முள் சுலபமாகத் துளைத்துவிடும். கெட்டியான காலணி போடுங்கள். கையில் காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது.

மண் தேறுமா?

கொஞ்சம் மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து, பென்சில் தடிமனுக்கு உருட்டி, ஆள்காட்டி விரலைச் சுற்றி வளையுங்கள்.

- விரிசல் இல்லாமல் வளைந்தால் நல்ல களிமண்.
- மேலே சிறுசிறு கீறல் விழுந்தால் பரவாயில்லை, வடிகட்டினால் தேறும்.
- துண்டு துண்டாக உடைந்தால் மணல் அதிகம். வேறு இடம் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டுத் தண்ணீர் நிரப்பி, குலுக்கி, ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். மேல் அடுக்கு எவ்வளவு என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

மண்ணைப் பதப்படுத்துவது

பாதிப்பேர் அவசரப்பட்டுத் தவறு செய்வது இந்தக் கட்டத்தில்தான். உருவம் செய்யச் சில மணி நேரம் போதும்; மண்ணைத் தயாரிக்க ஒரு வாரம் வேண்டும்.

1. மண்ணை முழுக்கக் காயவிடுங்கள். அரைகுறை ஈரத்தோடு தண்ணீரில் போட்டால் கட்டி கட்டியாகவே கிடக்கும். எலும்பாகக் காய்ந்த மண்தான் தண்ணீர் பட்டதும் பொலபொலவென்று உதிரும்.
2. சின்னத் துண்டுகளாகத் தட்டி, பக்கெட்டில் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் ஊறவிடுங்கள். காய்ந்த மண்ணை இடித்துச் சலிக்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. சலிப்பதை ஈரத்திலேயே செய்யுங்கள்.
3. கையால் கலக்கி, மிதக்கும் வேரையும் சருகையும் எடுத்துவிட்டு, பழைய வேட்டித் துணியிலோ மாவுச் சல்லடையிலோ வடிகட்டுங்கள். அடியில் தங்கும் கல்லையும் மணலையும் தோட்டத்தில் போடுங்கள்.
4. வடிகட்டிய குழம்பை ஒரு நாள் தெளியவிட்டு, மேல் தண்ணீரை அலுங்காமல் வடித்துவிடுங்கள்.
5. மீதிக் குழம்பைத் துணியில் கொட்டி, செங்கல் தரையில் விரித்துவையுங்கள். செங்கல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.
6. சப்பாத்தி மாவு பதம் வந்ததும், ஐந்து பங்கு களிக்கு ஒரு பங்கு சலித்த நைஸ் மணலும், ஒரு பிடி பொடியாக நறுக்கிய வைக்கோலும் சேர்த்துப் பிசையுங்கள். மணல் சுருக்கத்தைக் குறைக்கும். வைக்கோல் விரிசலை இழுத்துப் பிடிக்கும். மண் நிறைய இருந்தால் சாக்கில் கொட்டி மிதித்துப் பிசைவதே சுலபம்.
7. ஈரச் சாக்கில் சுற்றி, நிழலில் மூன்று நான்கு நாள் வையுங்கள். கொஞ்சம் வாடை வரும், அது நல்ல அறிகுறி.

ஒரு சாண் பிள்ளையார்

சந்தையில் மண் பிள்ளையார் விற்கிறவர்கள் அச்சில் களிமண்ணை அடைத்துத் தட்டி எடுத்து, நீங்கள் கொண்டுபோன மணைப்பலகையில் வைத்துத் தருவார்கள். அவர்கள் வேகம் நமக்கு வராது, வரவும் வேண்டியதில்லை. அச்சுக்குப் பதில் ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. மணைப்பலகையில் அடுப்புச் சாம்பல் தூவுங்கள். மண் ஒட்டாது.
2. இரண்டு விரல் தடிமனில் வட்டமாகப் பீடம் தட்டுங்கள். அடியில் கட்டைவிரலால் குடைந்து நடுவைக் காலியாக்குங்கள்.
3. வயிறு: கொட்டாங்குச்சியின் உட்புறம் சாம்பல் தடவி, ஒரு விரல் தடிமனுக்குக் களிமண்ணை அழுத்துங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் மண் சுருங்கித் தானே கழன்று வரும். வெளிப்புறத்தில் அப்பினால் நடப்பது வேறு. மண் சுருங்கும்போது ஓடு சுருங்காதல்லவா, நடுவில் பிளந்துவிடும். கழன்று வந்ததைக் கவிழ்த்துப் பீடத்தில் வையுங்கள். உள்ளே காற்று அடைபடாமல் முதுகுப் பக்கம் ஈர்க்குச்சியால் ஒரு துளை போடுங்கள்.
4. ஒட்டும் முறை: எந்த இரண்டு பாகத்தைச் சேர்த்தாலும் முதலில் இரண்டு பக்கத்தையும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்கும் கீறுங்கள். கீறிய இடத்தில் குழைசேறு (அதே களிமண்ணைத் தண்ணீரில் குழம்பாகக் கரைத்தது) தடவுங்கள். அழுத்திச் சேர்த்து, சந்தை விரலால் இழுத்து மூடுங்கள். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டினால் காய்ந்ததும் கை தனி, கால் தனி.
5. சம்மணமிட்ட கால்களுக்கு இரண்டு மண் கயிறு. தலைக்கு எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய உருண்டை.
6. காது: இரண்டு மெல்லிய தகடு தட்டி, ஒவ்வொன்றின் மேலும் அரச இலையின் அடிப்புறத்தை வைத்து அழுத்தி உரியுங்கள். நரம்பு முழுவதும் மண்ணில் பதிந்துவிடும். ஓரத்தை இலையின் விளிம்பையொட்டி வெட்டுங்கள். எந்த அச்சிலும் வராத காது இது.
7. தும்பிக்கை: நெற்றியிலிருந்து ஒரே கயிறாக இறக்கி, வயிற்றின்மேல் படியவிட்டு இடப்பக்கம் திருப்புங்கள். அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள். உள்ளே குச்சி வைத்தால் பலமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். குச்சியும் சுருங்காது, தும்பிக்கை நீளவாக்கில் வெடிக்கும். தாங்கு வேண்டும் என்றால் மெல்லிய வைக்கோல் பிரி வையுங்கள்.
8. கையை உடம்போடு ஒட்டியே வையுங்கள். உயர்த்திய கை உடையத்தான் செய்யும்.
9. நகையும் மாலையும்: நெல்மணி, ஈர்க்கின் முனை, கருவேலங்காயின் மணி மணியான விளிம்பு ஆகியவற்றால் அழுத்தி எடுங்கள். பதிந்த தடமே நகை, எதையும் ஒட்ட வேண்டியதில்லை.
10. கண்ணைக் கடைசியில், மண் இன்னும் மெத்தென்று இருக்கும்போது பதியுங்கள்.

குறிப்பு: அடிக்கடி தண்ணீர் தொட்டுத் தடவி வழவழப்பாக்கும் ஆசையை அடக்குங்கள். மேல் தோலில் ஈரம் ஏற ஏற, காயும்போது அது மட்டும் தனியாகச் சுருங்கி வலைவலையாக வெடிக்கும். மண் பாதி காய்ந்து கெட்டியானபின் கரண்டியின் முதுகால் தேய்த்தால் தண்ணீரே இல்லாமல் மினுமினுப்பு வரும்.

காயவைப்பது

முதல் நாள் ஈரத்துணி போர்த்தி வையுங்கள். இரண்டாம் நாள் துணியை எடுத்துவிட்டு, காற்று நேராக வீசாத நிழலில் வைத்து, தினம் கால்பங்கு திருப்புங்கள். ஒரு சாண் உருவம் காய ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் வைத்தால் காதும் தும்பிக்கையும் முதலில் காய்ந்து சுருங்க, வயிறு ஈரமாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் பிளவு விழும். காய்ந்ததா என்று பார்க்கப் புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

நன்றாகக் காய்ந்தபின் தெரியும் விரிசலில் ஈரக் களிமண் பூசாதீர்கள், அதுவும் சுருங்கி அதே இடத்தில் மறுபடி விழும். காய்ந்த மண்பொடியைக் கெட்டியான புளியங்கொட்டைப் பசையில் குழைத்து அடையுங்கள்.

வண்ணமும் பசையும்

மண் நிறத்திலேயே விட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். காய்ந்த ஏரி மண்ணின் சாம்பல் நிறத்துக்கு மேல் வெள்ளை எருக்கம்பூ மாலை போட்டால் வேறு ஒப்பனை தேவைப்படாது. வண்ணம் வேண்டும் என்பவர்களுக்கு:

- வெள்ளைக்கு நாமக்கட்டி. சுண்ணாம்பும் ஆகும், கண்ணில் பட்டால் புண்ணாக்கும் என்பதால் பிள்ளைகளிடம் நாமக்கட்டியே கொடுங்கள்.
- சிவப்புக்குக் காவிக்கட்டி, அல்லது வடிகட்டிய செம்மண்.
- கறுப்புக்கு அடுப்புக்கரியை நைஸாக அரைத்தது.
- மஞ்சளுக்கு மஞ்சள்தூள். வெயிலில் சில நாளில் வெளுத்துவிடும். அதில் ஒரு துளி சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு வரும், அதுவும் நாளாக மங்கும்.

செந்தூரம் என்ற பெயரில் விற்கும் பொடியைத் தவிருங்கள், அதில் ஈயம் இருக்கலாம். பாக்கெட் கோலப்பொடி, சாயக் குங்குமம் எல்லாம் வாளிச் சோதனையில் தோற்றுப்போகும்.

பொடி மண்ணில் பிடிக்கப் பிசின் வேண்டும். கருவேலம் பிசினோ வேப்பம்பிசினோ ஒரு பங்கு எடுத்து, இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு ஊறவைத்துத் துணியில் வடியுங்கள். அதில் பொடியைக் கெட்டியாகக் குழைத்து, தூரிகையை ஒரே இழுப்பாக இழுங்கள். போன இடத்தில் திரும்பத் தேய்த்தால் அடியில் உள்ள மண் கரைந்து நிறத்தோடு கலந்துவிடும். தூரிகைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தென்னை ஈர்க்கின் நுனியைக் கல்லில் தட்டி நாராக்கினால் போதும்.

புளியங்கொட்டைப் பசை: ஒரு கை கொட்டையை வறுத்து, இடித்துத் தோலை நீக்கி, இரவு ஊறவைத்து அரையுங்கள். நான்கு பங்கு தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் கிளறுங்கள். பளபளவென்று கண்ணாடிபோல் வந்ததும் இறக்கிவிடலாம். இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது பொம்மைத் தொழிலில் பழைய பழக்கம். அது விஷம். வருஷக்கணக்கில் வைக்கும் கொலு பொம்மைக்கு அதில் நியாயம் இருக்கலாம். மூன்றாம் நாள் கரைக்கப்போகும் பிள்ளையாருக்கு எதற்கு?

ஓலைக் குடை

பிள்ளையாருக்குப் பின்னால் செருகும் குடை இப்போது பெரும்பாலும் ஜிகினாத் தாளில் வருகிறது. அதற்கு மாற்று:

1. மரம் ஏறுகிறவரிடம் கேட்டுப் பனங்குருத்தோலை ஒன்று வாங்குங்கள். நீங்களே ஏறாதீர்கள். மட்டையின் கருக்கு ரம்பம்போல அறுக்கும், அதைக் கையாளும்போது துணி சுற்றிக்கொள்ளுங்கள்.
2. ஓலையை ஈர்க்கிலிருந்து கிழித்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள்.
3. வேலைக்கு முன் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். ஊறாத ஓலை மடிப்பில் ஒடியும்.
4. இரண்டு விரல் அகலம், இரண்டடி நீளமுள்ள கீற்றை அரை விரலுக்கு ஒரு மடிப்பாக முன்னும் பின்னும் மடியுங்கள். இரண்டு நுனியையும் வாழைநாரால் சேர்த்துக் கட்டி, உள்விளிம்பை நடுவில் குவித்து இறுக்கினால் வட்டம் விரியும்.
5. நடுவில் ஈர்க்கைச் செருகி, பசை வைத்துக் காயவிடுங்கள்.

தரையில் கிடக்கும் மண் உருவம்

பிரிட்டன் சிற்பி ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி இலையையும் குச்சியையும் பனிக்கட்டியையும் கொண்டு வெட்டவெளியில் உருவங்கள் செய்து, அவற்றை அங்கேயே அழியவிட்டுவிடுவார். மிஞ்சுவது புகைப்படம் மட்டும். இதைப் பற்றிப் படித்து வியக்கும் நம் கலைக்கல்லூரி மாணவர்களில் எத்தனை பேர் பக்கத்து ஊர்ப் படுகளத்தைப் போய்ப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழாவின் முடிவில், பாரதக் கூத்துக்காகத் துரியோதனனைத் தரையில் மல்லாந்த நிலையில் மண்ணால் பல அடி நீளத்துக்குச் செய்கிறார்கள். காலையில் மீசையும் கிரீடமுமாகக் கிடப்பவன், தொடை பிளந்து பாஞ்சாலி கூந்தல் முடித்ததும் வெறும் மண்மேடாகிவிடுவான். அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு.

அதே முறையில் பள்ளி மைதானத்திலோ களத்துமேட்டிலோ நான்கடி நீளத்துக்கு மீனோ ஆமையோ செய்யலாம்.

1. குச்சியால் தரையில் வெளிக்கோடு போடுங்கள். எறும்புப் புற்று இல்லாத, வண்டி போகாத இடமாகப் பாருங்கள்.
2. வடிகட்டாத சாதாரண மண்ணையே கோட்டுக்குள் குவித்து, தண்ணீர் தெளித்து, பலகையால் தட்டித் தட்டி ஏற்றுங்கள். ஒரே தடவையில் குவித்தால் சரியும். நான்கு விரல் உயரத்துக்கு ஒரு அடுக்கு போதும்.
3. பக்கங்களைச் சரிவாகவே விடுங்கள். செங்குத்தாக வெட்டினால் அரை மணியில் உதிரும்.
4. மேலே சாணியும் களிமண்ணும் சமபங்கு கரைத்து ஒரு கை மெழுகுங்கள். பிள்ளைகள் சாணியைத் தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும்.
5. செதிலுக்குப் புளியங்கொட்டை, கண்ணுக்குப் பனங்கொட்டை, துடுப்புக்குத் தென்னம்பாளை. ஈரத்திலேயே பதியுங்கள்.

படம் எடுப்பதென்றால் காலை எட்டு மணிக்கு முன் எடுங்கள். உச்சி வெயிலில் மேடு பள்ளம் தெரியாது.

கரைப்பது

1. மாலை, குடை, துணி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பூவும் ஓலையும் குப்பைக்குழிக்கு.
2. குண்டுமணியை எடுத்து எண்ணுங்கள். முளைக்காமலும் குழந்தை கைக்கு எட்டாமலும் இருக்க, மூடியுள்ள டப்பாவில் ‘விஷம்’ என்று எழுதி உயரத்தில் வையுங்கள். அடுத்த வருஷமும் அதே கண்ணை வைக்கலாம்.
3. வாளியில் பிள்ளையாரை வைத்து, மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஏரிக்கோ கிணற்றுக்கோ கொண்டுபோவது வழக்கமாக இருந்தால் போங்கள். மண் எடுத்த இடத்திலேயே மண்ணைச் சேர்ப்பதில் தவறு இல்லை. ஆனால் கரையில் நின்று எறியுங்கள், ஆழத்தில் இறங்க வேண்டாம்.
4. மறுநாள் தெளிந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள்.
5. அடியில் படிந்த களியைத் தட்டில் ஊற்றிக் காயவைத்து, உடைத்து, சாக்கில் கட்டுங்கள். இரண்டாம் முறை பிசையும்போது மணல் சேர்க்க வேண்டாம், முதல் முறை போட்டதே அதில் இருக்கும்; வைக்கோல் மட்டும் புதிதாக ஒரு பிடி.